மட்டப்பாவுக்கு அடியில்

"நீரு ஒரு வீட்டுல மாடி வாசலையே செங்கல் வச்சு அடைச்சவராமே, மெய்யாவே?" இப்ப வேலைக்கு வந்திருக்க கொத்தன்மாருக்கு எங்கிட்ட கேக்கதுக்கு வேற ஒண்ணும் இல்ல. நாப்பது வருசம் கரண்டி பிடிச்சிருக்கேன். சேரன்மகாதேவியில இருந்து கல்லிடைக்குறிச்சி வரைக்கும் ஆத்தங்கரை ஊருகள்ல நான் கை வைக்காத தெரு கிடையாது. அதையெல்லாம் ஒருத்தனும் கேக்க மாட்டான். அந்த ஒரு வாசல்தான் வேணும் அவனுகளுக்கு. கூலித் தகராறுல அடைச்சேன்னு ஒருத்தன் சொல்லுதான், கள்ளைக் குடிச்சிட்டு அடைச்சேன்னு இன்னொருத்தன் சொல்லுதான். கோட்டிப்பயலுவ! அதனால நானே சொல்லிப் போடுதேன். கேட்டுட்டு வாயை மூடுங்க.

கொல்லத்து ரயிலு எங்க ஊர் வழியா ஓட ஆரம்பிச்சு ஏழெட்டு வருசம் இருக்கும். ஜெர்மன் சண்டைக்கு முந்தி. அந்த ரயிலு ஊருக்குள்ள கொண்டாந்த ஆளைவிட ஊரைவிட்டுக் கொண்டுபோன ஆளுதான் அதிகம். கடை வைக்கத் தெரிஞ்சவன் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கப்பல் ஏறினான். கூலிக்காரன் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான். பொறக்குத பிள்ளைக்குச் சரியா வாந்திபேதி எடுத்துக்கிட்டுது, மிச்சத்தைக் கப்பல் எடுத்துக்கிட்டுது. ஊர்ல தலை கூடலை. ஆனா வீடு மட்டும் கூடிக்கிட்டே போச்சு. கடல் தாண்டிச் சம்பாதிச்சவனுக்கு ஊர்ல ஒரு மட்டப்பா வீடு, அதான் மேல மொட்டை மாடி போட்ட வீடு, இல்லேன்னா மரியாதை இல்லியாம். கட்டுவான், பால் காய்ச்சுவான், பத்து நாள் இருப்பான், பூட்டிட்டுப் போயிருவான். தேரோடுத தெருவுல நாங்க கட்டின புது வீடு வரிசையா நிக்கும், பித்தளைப் பூட்டும் வரிசையாத் தொங்கும். வெள்ளிக்கிழமை ஒருத்தன் வந்து ஒவ்வொரு வீடாத் திறந்து விளக்கு வச்சிட்டுப் போவான்.

எங்களுக்கு வேலை கிடைச்சுது, குறை சொல்லக் கூடாது. ஆனா நெலை, கதவு, சன்னல் எல்லாம் வச்சு முடிச்சிட்டு வெளிய வரும்போது, இதுக்குள்ள எவம்லே இருக்கப் போறான்னு எரிச்சலா வரும்.

நான் தொழில் படிச்சதைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல. ஆத்து மணலைச் சலிச்சேன், சுண்ணாம்பை நீத்தினேன், கை வெந்துது, அடி வாங்கினேன். இருபத்தஞ்சு வயசுல ஆறுமுக மேஸ்திரிகிட்ட கைக்கொத்தனாச் சேந்தேன். அவரு மெலிஞ்ச ஆளு. ஒருநாளும் சத்தம் போட மாட்டாரு. தப்பாக் கட்டின சுவருக்குப் பக்கத்துல வந்து நிப்பாரு. வெத்திலையை மடிச்சு வாயில போடுவாரு. ஆள்காட்டி விரலால ஒரே ஒரு கல்லைத் தொடுவாரு. அவ்வளவுதான், போயிருவாரு. மேல இருந்து அந்தக் கல்லு வரைக்கும் நாங்க பிரிச்சிரணும். பத்து வசவு வாங்கினாத் தேவலைன்னு இருக்கும்.

எங்க ஆளுகள்ல ஒரு வழக்கம் உண்டு. புது மட்டப்பாவுல முதமுதல்ல சனம் ஏறும்போது, அதைப் போட்ட மேஸ்திரி அதுக்கு நேர் கீழ உக்காரணும். மேல போனவங்க இறங்குத வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. பால் காய்ச்சு முடிஞ்சதும், வீட்டு நடுவுல இருக்க பெரிய பட்டாசல்ல ஆறுமுக மேஸ்திரி ஒரு பலகையைப் போட்டு, வெத்திலைச் செல்லத்தைப் பக்கத்துல வச்சுச் சம்மணம் போட்டு உக்காருவாரு. மேல நாப்பது பேரு திமுதிமுன்னு நடப்பாங்க. அவரு அண்ணாந்துகூடப் பாக்க மாட்டாரு. வெத்திலைக்கு நரம்பு கிள்ளிக்கிட்டு இருப்பாரு. அதைப் பாக்கதுக்குன்னே பக்கத்து ஊர்ல இருந்து ஆளு வரும்.

கொழும்புல அரிசிக் கடை வச்சிருந்த நெல்லையப்ப பிள்ளை எங்களைக் கூப்பிட்டு விட்டது அந்தச் சமயத்துலதான். அந்தத் தேரோடுத தெருவுல இருந்த அவரோட பழைய ஓட்டு வீட்டை இடிச்சிட்டு மட்டப்பா வீடு கட்டணும்னாரு. காரணம் அவரோட அம்மா, காந்திமதியாச்சி. பதினெட்டு வயசுல தாலி அறுத்தவ. அறுத்தவ தேருக்கு எதிரே வரக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி, நாப்பது வருசமா அந்த ஓட்டு வீட்டுச் சன்னல் இடுக்கு வழியாத்தான் தேரைப் பாத்திருக்கா. சன்னல் தாழ. தேரோட சக்கரம் மட்டும்தான் தெரியும்.

"எங்கம்மா அவ வீட்டு மட்டப்பாவுல நின்னு தேர்க் கலசத்தைப் பாக்கணும் மேஸ்திரி. தைத் தேரன்னைக்குத்தான் பால் காய்ச்சு. நாள் மாறக் கூடாது"ன்னாரு பிள்ளை.

ஆச்சி தினமும் வேலை நடக்க இடத்துக்கு வந்துருவா. சுவர் இடுப்பளவுகூட எழும்பியிருக்காது. "ஏ சுப்பையா, இங்கன நின்னா தேர் தெரியுமாலே?"ன்னு எங்கிட்ட கேப்பா.

"கலசம் தெரியும் ஆச்சி. குதிரை தெரியும். வடம் பிடிக்கவன் மொட்டைத் தலைகூடத் தெரியும்."

"மொட்டையுமா?"ன்னு சேலையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. மறுநாளும் வந்து அதையே கேப்பா.

மட்டப்பா எப்படிப் போடுததுன்னு சொல்லாட்டா மிச்சம் விளங்காது. தேக்கு உத்திரங்களை முழத்துக்கு ஒண்ணாப் பரப்பி, அதுக்கு மேல மெல்லிசுச் செங்கலை நெட்டுக்குத்தலா ஒட்டிக்கிட்டே போவோம். கீழ முட்டு கிடையாது. கல்லைக் கல்லோட பிடிச்சு வச்சிருக்கது நடுவுல இருக்க சுண்ணாம்பு மட்டும்தான். அது இறுகினதும் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலு விரக்கடை கனத்துக்குக் கொட்டுவோம். அதுக்குப் பெறவு பொம்பளைங்க வேலை. ரெண்டு வரிசையா எதிரெதிரே குத்தவச்சு, தட்டுக்கட்டையால ஒரே தாளத்துல தட்டணும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுத் தட்டணும். விடிஞ்சதுல இருந்து பொழுது அடையுத வரைக்கும், ஒருநாளும் விடாம, ஒரு வாரம். கட்டை துள்ளிக் கைக்குத் திரும்பி வந்தா தளம் இறுகிட்டுதுன்னு அர்த்தம்.

நடுவுல விட்டா கெட்டுது. பாதி இறுகினதைத் திரும்பத் தட்டினா மேல வழுவழுன்னு இருக்கும், கட்டையும் துள்ளும். உள்ள ஒட்டு விட்டுப் போயிருக்கும். அந்த அதிர்ச்சியில அடியில இருக்க செங்கலும் பிடி விட்டிரும். அப்படி ஆச்சுன்னா மொத்தத்தையும் கொத்தி எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும். இது எங்க தொழில்ல சித்தாளுக்குக்கூடத் தெரியும்.

கார்த்திகையில தளம் கொட்டினோம். அந்த அகலத்துக்கு இருபத்திநாலு பொம்பளை வேணும். கிடைச்சது பதினாறு. எம் பெஞ்சாதி பேச்சிதான் அவங்களுக்குத் தலைவி. ரெண்டு நாள் தட்டினாங்க. மூணாம் நாள் காலையில போனா ஏழு பேரு நிக்காங்க.

"மத்தவளுக எங்கட்டீ?"ன்னேன்.

"தோட்டத்துக்கு ஆள் பிடிக்க கங்காணி வந்து ஒரு வளவு வீட்டு ஆளுக மொத்தத்தையும் ரயிலேத்திட்டுப் போயிட்டான். கண்டிச் சீமைக்கு. சட்டி பானையோட போறாளுக"ன்னா பேச்சி.

அந்தச் சீமைக் காசுல வீடு கட்டுதோம், அதைக் கட்டுத கையை அந்தச் சீமையே பிடுங்கிட்டுப் போவுது. இதை எங்க போய்ச் சொல்ல? வயல்ல நடுவை நேரம் வேற, ஒரு பொம்பளையும் சிக்கலை. மேஸ்திரி மூணு நாள் ஊர் ஊரா ஆள் தேடி அலைஞ்சாரு. மூணு நாளும் தட்டு நின்னு போச்சு.

அதுக்கு அடுத்த நாள் எங்கேயோ இருந்து பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. தளத்துல ஏறி விரலால அழுத்திப் பாத்தாரு. நானும் பாத்தேன். பாதி இறுகிக் கிடந்துது.

"கொத்தி எடுத்துருவமா மேஸ்திரி?"ன்னேன்.

அவரு வெத்திலையை மடிச்சாரு. "தைக்கு எத்தனை நாள் இருக்குலே?"ன்னாரு. கேட்டுட்டு கீழ இறங்கிப் போயிட்டாரு. தட்டுன்னும் சொல்லலை, எடுன்னும் சொல்லலை. தட்டுங்கன்னு சொன்ன வாய் எம் வாய்தான். அதை நான் மறைக்கப் போறதில்ல. எடுத்தா பால் காய்ச்சுக்கு முடியாது, ஆளும் கிடைக்காது, பழி எந்தலையில விழும்னு பயந்தேன்.

பேச்சி ரெண்டு தட்டு தட்டிட்டு நிறுத்திட்டா. "சத்தம் செத்துக் கேக்கு. இதையா தட்டச் சொல்லுதீரு?"ன்னா.

"தட்டுன்னா தட்டு மூதி"ன்னேன். அந்த வார்த்தையை நானும் மறக்கலை, அவளும் என்னை மறக்க விடலை.

அஞ்சாறு நாள்ல தளம் வழுவழுன்னு ஆயிட்டுது. கட்டை துள்ளிச்சு. பிள்ளை வந்து கையால தடவிப் பாத்துட்டு, பேஷ்னாரு.

பால் காய்ச்சுக்கு முந்தின நாள் மத்தியானம், பட்டாசல்ல வெள்ளையடிச்ச சாரத்தை எல்லாம் பிரிச்சிட்டு அண்ணாந்து பாத்தேன். ரெண்டாம் உத்திரத்துக்கும் மூணாம் உத்திரத்துக்கும் நடுவுல மயிரிழை கனத்துல ஒரு கோடு. ஏணி போட்டு ஏறி விரல் வச்சேன். ஒரு செங்கல் நெல்லளவு கீழ இறங்கியிருந்துது. நகத்தால சுண்டினா பக்கத்துக் கல்லும் சேந்து கடகடங்குது.

மேஸ்திரியைக் கூட்டியாந்து காட்டினேன். அவரு என் மூஞ்சியைப் பாக்கலை. "பூசிரு"ன்னாரு.

பூசினேன். சாப்பிட்டுட்டு வந்து பாத்தா அதே இடத்துல கோடு திரும்ப வந்திருக்கு. இன்னும் ஒரு சாண் நீளமா. வெளிய சொந்தக்காரங்க வண்டி ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து நிக்குது. அம்பாசமுத்திரத்து ஆளுக, கடையத்து ஆளுக. இறங்கினதும் எல்லாரும் கேக்க முதக் கேள்வி, மட்டப்பாவுக்கு எப்படிப் போவணும்னுதான். மறுநாள் அம்பது அறுபது பேராவது ஏறுவாங்க. நடுவுல ஆச்சி நிப்பா.

"மேஸ்திரி, நாளைக்கு அம்புட்டு சனம் ஏறும்"னேன்.

"பூச்சு ஈரம்லே. காஞ்சாச் சரியாயிரும்"னாரு.

நாளைக்கு நீங்க கீழ உக்காருவீங்களான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. கேக்கப் பயந்தேன்.

சாயங்காலம் சனமெல்லாம் குளிக்க ஆத்துக்குப் போயிட்டுது. மாடிப்படி உச்சியில மட்டப்பாவுக்குத் திறக்க வாசலுக்கு இன்னும் கதவு மாட்டலை. பூட்டலாம்னா கதவு இல்ல. சொல்லலாம்னா கைக்கொத்தன் பேச்சை மேஸ்திரிக்கு மேல எவன் கேப்பான்? எனக்குத் தெரிஞ்சது சுவர் கட்டுதது ஒண்ணுதான். செங்கலை எடுத்தேன். பேச்சி கூட வந்தா. சுண்ணாம்பைக் குழைச்சுச் சட்டியில கொண்டாந்து வச்சா, கல்லு எடுத்துக் குடுத்தா. விளக்கு வைக்கதுக்குள்ள வாசலை அடைச்சிட்டேன். பச்சைச் சுவருதான், நாலு பேரு சேந்து தள்ளினா விழுந்துரும். ஆனா தள்ளுததுக்கு முன்னால ஏன் கட்டினேன்னு என்னைக் கேக்கணும்லா? அதுக்குத்தான் கட்டினேன்.

காலையில பால் பொங்கிச்சு. குலவை போட்டாங்க. தேரடியில மேளம் கேட்டதும் சனம் படியில முண்டியடிச்சு ஏறிச்சு. ஏறின வேகத்துல அப்படியே நின்னு போச்சு.

"எவம்லே இதைக் கட்டினது?"ன்னு பிள்ளை போட்ட சத்தத்துல மேளமே நின்ன மாதிரி இருந்துது.

"நாந்தான் அண்ணாச்சி"ன்னேன். "மட்டப்பா தாங்காது. நடுவுல மூணு நாள் தட்டு விட்டுப் போச்சு. கெட்டுப்போன தளத்தை நாந்தான் திரும்பத் தட்டச் சொன்னேன். கல்லு இறங்குது. ஏறினா ஆள் சாவும்."

"கோட்டி பிடிச்சிருச்சாலே உனக்கு? மேஸ்திரி, என்னவே இது?"

மேஸ்திரி சத்தத்தைக் கூட்டவே இல்ல. "இவனை வேலையை விட்டு நிறுத்துதேன்னு சொல்லியிருந்தேன் அண்ணாச்சி. அந்தக் கடுப்பு. தளம் ஒண்ணும் பண்ணாது"ன்னாரு. இத்தனை வருசத்துல அவரு பொய் சொல்லி நான் கேட்டது அன்னைக்குத்தான். ரெண்டு பேரு கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டானுவ.

சனத்தை விலக்கிக்கிட்டு ஆச்சி வந்தா. சுவரைப் பாத்தா, என்னைப் பாத்தா. கண்ணு நிறைஞ்சு நின்னுது. "ஏ சுப்பையா, இத்தனை நாளும் தெரியும் தெரியும்னியே. இன்னைக்குத்தானாலே உனக்கு இந்த வாய் வந்துது?"ன்னா.

"எம் பாவம் ஆச்சி"ன்னேன்.

கடப்பாரைக்காரன் கையை ஓங்கினான். ஆச்சி அவன் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு மேஸ்திரி பக்கம் திரும்பினா. "மேஸ்திரி, உங்க ஆளுகளுக்கு ஒரு வழக்கம் உண்டுல்லா? நீரு போய்ப் பலகையைப் போட்டுக் கீழ உக்காரும். உக்காந்துட்டேன்னு ஒரு சத்தம் குடும். நாங்க சுவரை இடிச்சிட்டு ஏறுதோம்."

யாரோ பட்டாசல் நடுவுல பலகையைக் கொண்டு போட்டாங்க. மேஸ்திரி பைய இறங்கிப் போனாரு. நாங்களும் பாதிப் படியில இறங்கி நின்னு பாத்தோம். அவரு பலகைக்குப் பக்கத்துல நின்னாரு. செல்லத்தைத் திறந்து ஒரு வெத்திலையை எடுத்து மடிச்சாரு. வாயில போடலை. தேரு மேலத் தெரு முக்கு திரும்புத கூச்சல் கேக்குது. அப்ப அவரு அண்ணாந்து பாத்தாரு. அவரு அண்ணாந்து நான் பாத்ததே கிடையாது. கோடு ரெண்டாம் உத்திரத்துல இருந்து சுவரு வரைக்கும் ஓடியிருந்துது. ஒரு சில்லு வெள்ளைப் பூச்சு உதிந்து பலகை மேல விழுந்துது.

மடிச்ச வெத்திலையைத் திரும்பச் செல்லத்துக்குள்ள வச்சு மூடினாரு. ஒருத்தர் மூஞ்சியையும் பாக்காம வாசல் வழியா இறங்கிப் போயிட்டாரு. ஒருத்தரும் கூப்பிடலை. அவரு மட்டப்பா வேலையை அதோட விட்டுட்டாரு. அவரை நான் திட்ட மாட்டேன். வீம்புக்கு உக்காந்திருந்தா நாங்க ஏறியிருப்போம்.

பிள்ளை எனக்கு ஓங்கி ஒரு அறை விட்டாரு. வாங்கிக்கிட்டேன். சனமெல்லாம் தெருவுக்கு ஓடிச்சு. தேரு வீட்டைத் தாண்டிப் போன சத்தம் கேட்டுது. ஆச்சி மாடிப்படியில, நான் கட்டின சுவருக்கு முன்னால உக்காந்திருந்தா. அதுவரைக்கும் வருசாவருசம் சக்கரத்தையாவது பாத்தவ, அந்த வருசம் அதையும் பாக்கலை.

மூணாம் நாள் சுவரைப் பிரிச்சு, பிள்ளைக்கு முன்னால தளத்துல ஒரு கடப்பாரை போட்டேன். ரெண்டு உத்திரத்துக்கு நடுவுல இருந்த கல்லு மொத்தமும் பட்டாசல்ல போய் விழுந்துது, பலகை கிடந்த இடத்துல. பத்து நாள்ல பிள்ளை கப்பலுக்குக் கிளம்பினாரு. "பூட்டிட்டு எங்கூட வாம்மா"ன்னாரு.

"என் மட்டப்பா முடியாம நான் வரலை"ன்னுட்டா ஆச்சி. என்னைக் கூப்பிட்டு விட்டா. "நீதானலே அடைச்சே, நீயே திற"ன்னா.

எவனும் எங்கூட வேலைக்கு வரலை. மேஸ்திரியைக் காட்டிக் குடுத்தவன்னு பேரு. பேச்சியையும் சேத்து அந்த ஏழு பேருதான் மிச்சம். அதனால ஏழு கை எவ்வளவு தட்டுமோ அவ்வளவுதான் ஒரு தடவைக்குப் போட்டோம். ஓரத்தைச் சரிவா வெட்டி, சுரண்டி, சுண்ணாம்புத் தண்ணி ஊத்தி, அடுத்த துண்டை அதோட சேத்துத் தட்டினோம். மட்டப்பாவைத் துண்டு துண்டாப் போடக் கூடாதும்பாங்க. ஆளு இல்லாத ஊர்ல வேற எப்படிப் போட? மழையில நிறுத்தி, வெயில்ல போட்டு, ஒரு வருசம் ஆச்சு.

ஒருநாள் ஒருத்திக்குக் காய்ச்சல். தாளம் தப்புது. ஆச்சி சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு அந்த இடத்துல குத்தவச்சு உக்காந்து கட்டையை எடுத்துட்டா.

"வேண்டாம் ஆச்சி, ஊரு பேசும்"னேன் பதறிப்போய்.

"ஊர்ல எவம்லே இருக்கான் பேசதுக்கு?"ன்னுட்டுத் தட்ட ஆரம்பிச்சா. பேச்சி சிரிச்ச சிரிப்புல அன்னைக்கு வேலையே ஓடலை.

அடுத்த தைத் தேருக்குப் பிள்ளை வரலை. கடிதாசுதான் வந்துது. தெருவுல வரிசையா மட்டப்பா, ஒண்ணுலயும் ஆள் இல்ல. ஆச்சி ஏழு பேரையும் வீட்டுக்குள்ள கூப்பிட்டா. அதுல மூணு பேரு அவளை மாதிரி அறுத்தவங்க. "தட்டினவளுக எல்லாரும் ஏறுங்கட்டீ"ன்னா. தெரிஞ்சவ தெரியாதவன்னு தெருவுல ஓரமா நின்ன பொம்பளைகளையும் கையைத் தட்டிக் கூப்பிட்டா. இருபது முப்பது பேரு சேந்துட்டாங்க.

நான் மேஸ்திரி இல்ல. ஆனா போட்டவன் நான். பட்டாசல் நடுவுல பலகையைப் போட்டு உக்காந்தேன். மேல காலடி விழ ஆரம்பிச்சுது. பயம்னா அப்படி ஒரு பயம் எனக்கு அதுக்கு முன்னால வந்ததில்ல. மேஸ்திரி மாதிரி வெத்திலை கிள்ள எனக்கு வரலை. ஒவ்வொரு உத்திரமா அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டாம் உத்திரம், மூணாம் உத்திரம். கோடு இல்ல. தூசிகூட விழலை. மேளம் கிட்ட வந்துது, மேல எல்லாரும் தெருப் பக்கமா ஒரே ஓரத்துக்கு ஓடுத சத்தம் கேட்டுது.

"ஏ சுப்பையா!" ஆச்சி குரல்தான். "கலசம் தெரியுதுலே! குதிரை தெரியுது! ஏலே, நீ சொன்ன மொட்டையும் தெரியுது! மேல வா, வந்து பாரு!"

"மேல இருக்கவங்க இறங்குத வரைக்கும் நான் கீழதான் இருக்கணும் ஆச்சி"ன்னு சத்தம் குடுத்தேன். அந்தத் தெருவுல ஒரு வீட்டுக்குள்ள அத்தனை காலடிச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல. தேரு நிலைக்கு வந்த வெடியும் போட்டாங்க. மேல ஒருத்தியும் இறங்கலை. நானும் எந்திரிக்கலை.